மருந்துச் சோதனையும் அமானிதமும்

மது ஹராம் என்பதில் முஸ்லிம்களுக்கிடையே இரண்டு கருத்து கிடையாது. அப்படியிருக்க, குடிநோயைக் குணப்படுத்தும் மருந்தாராய்ச்சியைப் பற்றி ஒரு மார்க்க இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிவாசல் தூணோரம் ஒதுங்கி நின்று, "ஹஜ்ரத், வீட்டில் ஒரு விஷயம்..." என்று தொடங்கிவிட்டு, பேச்சை முடிக்க முடியாமல் திரும்பிப் போகிற தகப்பன்மார்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அது உடலையும் குடும்பத்தையும் கெடுக்கும் அளவுக்கு முற்றியிருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இந்தக் கணக்கில் நம் சமுதாயத்தவர் ஒருவருமே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல நம்மால் இயலாது.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். குடிநோயாளிகளைச் சேர்த்து ஒரு மருந்துச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பகுதியினருக்கு மருந்து. மறு பகுதியினருக்கு மருந்தைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். நடுவில் கொள்ளைநோய் வந்து ஊரே அடைபடுகிறது. ஆய்வு நடக்கும் மருத்துவமனையின் கதவும் சாத்தப்படுகிறது. இப்போது அந்த நோயாளிக்கு ஆய்வாளர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்? 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது பல நாடுகளில் இந்தக் கேள்வி எழுந்தது. நாளை நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இப்படியொரு சோதனையில் சேரும்படி அழைக்கப்பட்டு, சம்மதப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடமே வந்து, "கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கலாம். அப்போது, "குடிகாரனுக்கு என்ன மருந்து வேண்டிக் கிடக்கிறது?" என்று விரட்டுவது மார்க்கமாகாது.

ஏனென்றால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரட்டவில்லை. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒரு ஸஹாபி இருந்தார். நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பார். மதுவையும் விட முடியாமல் தவித்தார். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். அப்படி ஒருமுறை கொண்டுவரப்பட்டபோது கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிக்கிறவர் என்று அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. தண்டனை வழங்கப்பட்டது, ஆனால் அவர் ஜமாஅத்தை விட்டு வெளியே தள்ளப்படவில்லை. குற்றம் குற்றமாகவே இருக்க, மனிதர் மனிதராகவே நடத்தப்பட்டார். குடி பாவமா, நோயா என்று இன்று மேடைதோறும் விவாதிக்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன் இத்தனை தயக்கமோ தெரியவில்லை. பாவத்துக்குத் தவ்பா உண்டு. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவப்பட்டிருக்கிறோம்.

சரி, மருந்துதான் இருக்கிறதே, சோதனை எதற்கு? இருக்கிறது, போதவில்லை. 1948-ல் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் டைசல்ஃபிராம் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார்கள். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துத் துடிப்பார். அச்சத்தால் குடியைத் தடுக்கும் மருந்து அது. குடியின் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் அமெரிக்காவில் 1994-லும், அகாம்ப்ரோஸேட் 2004-லும் அனுமதி பெற்றன. இவை சிலருக்குப் பலனளிக்கின்றன, பலருக்கு அளிப்பதில்லை. ஆகவே புதிய மருந்தும் வேண்டும், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறியும் வழியும் வேண்டும்.

அந்த வழியில் நம் முன்னோர்களின் காலடித் தடம் இருக்கிறது. ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவம் செய்து கி.பி. 925 வாக்கில் காலமான அபூபக்ர் அர்ராஸி, தம்முடைய அல்ஹாவீ என்ற பெருநூலில் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றிய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் குத்தி எடுத்தார். மற்றொரு பகுதியினருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டார். அந்தச் சிகிச்சை உதவுகிறதா என்று தெளிவதே அவர் நோக்கம். இப்னு ஸீனாவும் தம் கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை வரிசைப்படுத்தினார். மனித உடலிலேயே சோதித்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குதிரைக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லையே!

ஆனால் அர்ராஸி விட்டுவிட்ட அந்த இரண்டாவது பகுதியினரை நினைத்துப் பாருங்கள். நம் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது.

இக்கால ஆய்வாளர்கள் யாரை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்பதைத் தம் விருப்பத்துக்கு விடுவதில்லை. சீட்டுக் குலுக்குவதைப் போல, இப்போது கம்ப்யூட்டர் மூலம், தீர்மானிக்கிறார்கள். இங்கே ஓர் ஐயம் எழலாம். மதுவைத் தடுத்த அதே மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம்தான் அம்பெறிந்து குறிபார்ப்பதையும் தடுத்தது. மனிதனின் உடல்நலத்தைக் குலுக்கலில் விடுவது அந்த அம்புக்குறியின் வாரிசு ஆகாதா? ஆகாது என்பதே நம் முடிவு. ஜாஹிலிய்யாக் காலத்தவர் அம்பிடம் கேட்டது தம் தலைவிதியை. மறைவான ஞானத்தை மரத்துண்டிடம் யாசித்தார்கள். அதற்கும் ‘குர்ஆ’வுக்கும் வெகு தூரம். நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்று குர்ஆ போட்டுத் தீர்மானித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கும் எழுதுகோல்களை எறிந்து பார்த்ததாகத் திருமறை சொல்கிறது. உரிமையில் அனைவரும் சமமாக இருந்து, ஒருவரைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் வேறு இல்லாத இடத்தில், பாரபட்சம் புகாமல் காப்பது குர்ஆ. மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் நாம் இதை ஓதியிருக்கிறோம். ஒருவருடைய உரிமை மற்றவருடையதைவிட மேலோங்கியிருப்பது தெரிந்த பிறகு குர்ஆவுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே ஓதியிருக்கிறோம்.

மருந்துச் சோதனைக்கும் இதுதான் அளவுகோல். புதிய மருந்து மேலானதா அல்லவா என்று எவருக்கும் தெரியாதிருக்கும்வரை குலுக்கல் நியாயம். தெரிந்துவிட்ட பின்னும் ஒருவரை வெற்று மாத்திரையில் வைத்திருப்பது அநியாயம். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை என்ன நடந்தது? மேகநோய் பிடித்த ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 400 பேரைச் சிகிச்சையின்றி விட்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று நாற்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பென்ஸிலின் வந்து அந்த நோய் எளிதில் தீரும் என்று உலகமே அறிந்துவிட்டது. அந்த மனிதர்களுக்கு மட்டும் அது கொடுக்கப்படவில்லை. அறிவைத் தேடுகிறோம் என்ற பெயரில் அமானிதம் எப்படிக் கொலையாகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

குடிநோய் ஆய்வுகளில் கண்ணியமாக நடத்தப்பட்டவை பல. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் கொள்ளைநோய்க் காலத்துக் கேள்விக்கான விடை அதில் ஒளிந்திருக்கிறது. 2006-ல் வெளியான ‘கம்பைன்’ என்ற ஆய்வு அது. அமெரிக்காவில் 11 இடங்களில் 1,383 பேர் சேர்க்கப்பட்டு, 16 வாரம் சிகிச்சை பெற்றார்கள். சிலருக்கு நால்ட்ரெக்ஸோன், சிலருக்கு அகாம்ப்ரோஸேட், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை. மாத்திரை பெற்ற அனைவரையும் மருத்துவரோ செவிலியரோ குறித்த நாளில் நேரில் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள், மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்று விசாரித்துத் தைரியம் சொன்னார்கள். இன்னொரு சிறு பகுதியினருக்கு மாத்திரையே கிடையாது. ஆலோசனைச் சிகிச்சை மட்டும். முடிவில், ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் நூறு நாளில் சராசரியாக 67 நாள் குடிக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரையும் மருத்துவச் சந்திப்பும் பெற்றவர்கள் 74 நாள். நால்ட்ரெக்ஸோனும் சந்திப்பும் பெற்றவர்கள் 81 நாள்.

நடுவிலுள்ள எண்ணைக் கவனியுங்கள். அந்த மாத்திரையில் மருந்து ஏதுமில்லை. ஆனாலும் ஒரு பலன் தெரிகிறது. தன் கையால் தினமும் ஒன்றை எடுத்து விழுங்கும் நிய்யத்தும், தன்னை இழிவாகப் பார்க்காத ஒருவர் குறித்த நாளில் தனக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆக, ‘வெற்று மாத்திரைக்காரருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை, எனவே நிறுத்தினாலும் அவருக்கு நஷ்டமில்லை’ என்ற வாதம் நிற்காது. அவருக்கும் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை நிறுத்தினால் அவருக்கும் நஷ்டம் உண்டு.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் இறுதியில் நம் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது, மதுக்கடைகள் மூடப்பட்டன. நல்லது நடந்தது என்று நம்மில் பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சிக்குக் காரணம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் குடித்து உடல் அதற்கே பழகிப்போன ஒருவர் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை, சில வேளைகளில் மரணம்கூட நேரும் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். கேரளத்தில் மது கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. மார்ச் 30 அன்று அம்மாநில அரசு, மருத்துவரின் சீட்டு இருந்தால் மது வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள்: இந்தத் தவிப்புக்கு டயஸெபாம் போன்ற முறையான மருந்துகள் இருக்க, மதுவை மருந்தென்று எழுதித் தரமாட்டோம் என்றார்கள். ஏப்ரல் 2-ல் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. மதுவை மருந்தாகக் கேட்டவருக்கு அது மருந்தல்ல, நோய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி முஸ்லிம் ஷரீஃபில் உண்டு. அதை ஓதியறியாத மருத்துவர்களும் தம் தொழிலறிவின் வழியாக அதே இடத்துக்கு வந்து நின்றது நமக்கு மனநிறைவைத் தந்தது. நிர்ப்பந்த நிலை என்ற சட்டத்தைக் காட்டி மதுவை ஆகுமாக்க முனைவோருக்கும் இதுவே விடை. ஹலாலான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? அதே நாட்களில் ஈரானில், மது குடித்தால் கொரோனா தீரும் என்ற வதந்தியை நம்பி மெதனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து 700-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் மே 7 அன்று கடைகள் திறந்தன; மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது; மே 15-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இந்தக் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

மருந்துச் சோதனைகள் என்னவாயின? பல நாடுகளில் கொரோனா சம்பந்தப்படாத ஆய்வுகள் பெரும்பாலும் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தின. சில முற்றாகவே நின்றன. குடிநோய் ஆய்வுக்கு இதில் தனிச் சங்கடம் இருந்தது. அதன் அன்றாட வேலை முழுவதும் நெருங்கி அமர்ந்து செய்ய வேண்டியது. குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். நோயாளி ஒரு குழாயில் ஊத வேண்டும், ஊதும் மூச்சிலேயே தொற்று! மூடியதில் தவறில்லை என்று எவரும் சொல்லலாம். ஆயினும் அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் மதுவின் காரணமாக நேர்ந்த சாவுகள் 78,927-லிருந்து 99,017 ஆக, அதாவது ஒரே ஆண்டில் கால் பங்கு, உயர்ந்தன. எந்த நோயாளியைப் பார்ப்பது தள்ளிவைக்கப்பட்டதோ அந்த நோயாளிதான் அந்த ஆண்டில் அதிகமாக மடிந்தார்.

இங்கே நாயகம் (ஸல்) அவர்கள் கொள்ளைநோயைப் பற்றிச் சொன்ன கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே நுழையாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து தப்பியோடாதீர்கள் என்பது அதன் கருத்து. அம்வாஸ் கொள்ளைநோயின்போது உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டு எல்லையிலிருந்து திரும்பியதும் இந்த அடிப்படையில்தான். நுழையாதே என்பதன் காரணம் எல்லோருக்கும் விளங்கும். வெளியேறாதே என்பது ஏன்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தரும் விளக்கம் நம் நெஞ்சைத் தொடுவது. உடல்நலமுள்ளவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட்டால், படுத்துக் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் சோறு ஊட்டவும் ஆள் இருக்காது. அவர்கள் கவனிப்பாரற்றே இறந்துபோவார்கள்.

இதை வைத்து நாம் ஃபத்வா எதுவும் கொடுக்க வரவில்லை. ஆனால் இந்தக் கட்டளையின் இரண்டு பக்கத்தையும் ஆய்வாளர் தம் முன்னால் வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். புதிய நோயாளிகளை ஆய்வுக்குள் சேர்க்காமலிருப்பது நுழையாமலிருப்பதைப் போன்றது. அதில் எவருடைய உரிமையும் பறிபோகவில்லை. ஏற்கனவே உள்ளே வந்து, கையெழுத்திட்டு, தம் நோயையும் வெட்கத்தையும் ஒப்படைத்துவிட்டவரை விட்டுப் போவது வேறு; அது படுக்கையில் கிடப்பவரை விட்டு ஓடுவதைப் போன்றது. அவருடைய இரத்தத்தை அளப்பதையும் மூச்சை அளப்பதையும் நிறுத்திக்கொள்ளலாம். அவை ஆய்வின் தேவைகள். அவரை விசாரிப்பதை நிறுத்த உரிமையில்லை. அது அவருடைய தேவை. 2020 மார்ச் 18-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதலும், சேர்ந்தவர்களின் பாதுகாப்பையே முதலில் வைத்தது. புதியவரைச் சேர்ப்பதையும் ஏற்கனவே இருப்பவருக்கு மருந்தைத் தொடர்வதையும் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி, தொலைபேசியில் விசாரிக்கவும் வீட்டுக்கு மருந்து அனுப்பவும் வழிவிட்டது. அப்படிச் செய்த ஆய்வுகள் உண்டு. ஆய்வின் கணக்கு சற்றுப் பழுதுபட்டிருக்கும்தான். பழுதுபடட்டும். கணக்கு ஆய்வாளருடையது, உயிர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தொலைபேசி வந்தவுடன் மற்றொரு சிக்கலும் வந்தது. நேரில் ஊதிப் பார்த்தபோது கருவி சாட்சி சொன்னது. இப்போது நோயாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி. குடிகாரன் பேச்சை நம்புவதா என்று உலகம் கேட்கும். ஃபாஸிக்கின் சாட்சியம் காஸியின் மன்றத்தில் ஏற்கப்படாது என்பது உண்மையே. ஆனால் ஒருவர் தமக்கெதிராகத் தாமே சொல்லும் ஒப்புதல், ‘இக்ரார்’, வேறு பாடம். அதை ஏற்க அவர் யோக்கியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. "நேற்றுக் குடித்துவிட்டேன்" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்வது இக்ரார். அதைச் சொன்னதற்காக அவருக்கு ஏச்சோ, ஆய்விலிருந்து வெளியேற்றமோ கிடைத்தால் அடுத்த முறை அவர் உண்மை சொல்லமாட்டார். மருத்துவர் காஸியல்ல. வீட்டிலிருப்பவர்களும் காஸிகளல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

கருவிகளும் எப்போதும் நேர்மையான சாட்சிகள் அல்ல. சிறுநீரில் மதுவின் சுவடு இருக்கிறதா என்று காட்டும் ஒரு சோதனை உண்டு. மிக நுட்பமானது, எவ்வளவு நுட்பமென்றால், கைகழுவும் சானிடைஸரிலுள்ள ஆல்கஹாலின் ஆவியை அடிக்கடி முகர்ந்தவரின் சிறுநீரிலும் சுவடு தென்படக்கூடும். கொள்ளைநோய்க் காலத்தில் உலகமே மணிக்கொரு தரம் சானிடைஸர் தேய்த்துக்கொண்டிருந்தது! தவ்பாச் செய்து மாதக்கணக்கில் ஒரு சொட்டும் தொடாத ஒருவரைப் பார்த்து, "நீ பொய் சொல்கிறாய், காகிதத்தில் இருக்கிறது" என்று சொன்னால் என்ன ஆகும்? அபாண்டம் சுமத்திய பாவம் ஒருபுறமிருக்க, மனமுடைந்து அன்றிரவே அவர் பழைய வழிக்குத் திரும்பிவிடுவாரே! விரல்நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளியைக் காகிதத்தில் உலர்த்தித் தபாலில் அனுப்பினால், கடந்த சில வாரங்களில் குடித்ததைக் காட்டும் வேறு சோதனையும் இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற்றுச் செய்தால், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் தடைக்குள் அது வராது என்றே கருதுகிறோம்.

சம்மதம் என்றதும் நாம் அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குடித்திருக்கும் நிலையில் போட்ட கையெழுத்து செல்லுமா? மது முற்றாகத் தடுக்கப்படுவதற்கு முன் இறங்கிய நிஸா அத்தியாயத்தின் 43-ஆம் வசனம், போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று சொல்லி, அதற்கோர் எல்லையும் வகுத்தது: தாம் சொல்வது இன்னதென்று தமக்கே விளங்கும்வரை. போதை தெளிந்ததற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோலை நாம் அறியோம். இங்கே ஓர் ஆலிம் குறுக்கிட்டு, போதையில் சொன்ன தலாக் நிகழ்ந்துவிடும் என்பதுதானே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் பிரபலமான சொல், அப்படியானால் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லாமல் போகும் என்று கேட்கலாம். தலாக்கில் அப்படிச் சொன்னது, பாவத்தால் வந்த போதையைச் சாக்காக வைத்து ஒருவர் பொறுப்பிலிருந்து தப்பிவிடக்கூடாது என்பதற்காக. அது அவர்மீது சுமத்தப்படும் கண்டிப்பு. சம்மதப் பத்திரமோ அவரைப் பாதுகாப்பதற்காக ஏற்பட்டது. கண்டிக்க வந்த சட்டத்தைக் காட்டி அவருடைய பாதுகாப்பைப் பறிப்பது கியாஸ் ஆகாது. பல ஆய்வுகளில் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஊதச் சொல்லி, மூச்சில் மது அறவே இல்லை என்று உறுதிசெய்துகொள்வது இதனால்தான். ஆகவே அந்தக் குழாய் அந்த ஒரு கட்டத்தில் ஆய்வின் தேவையல்ல, நோயாளியின் உரிமை. தொலைபேசியில் சம்மதம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு கைநழுவுகிறது. அதற்குப் பதிலாகக் காலை வேளையில் பேசுவது, பத்திரத்தில் உள்ளதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பது, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கேட்பது என்று ஏதேனும் செய்தாக வேண்டும்.

சில ஆய்வுகளில் மருந்தின் விளைவைப் பார்ப்பதற்காக ஆய்வுக்கூடத்திலேயே நோயாளிக்கு மதுவைக் கொடுத்துக் குடிக்கச் செய்கிறார்கள். அப்படிப்பட்டதில் ஒரு முஸ்லிம் சேரக்கூடாது. இதில் நீட்டிப் பேச எதுவுமில்லை. குடியை அடியோடு விடாமல் குறைத்துக்கொண்டாலே வெற்றி என்று எண்ணும் ஆய்வுகளும் உள்ளன. குறைவதால் ஈரலும் குடும்பமும் தப்புகின்றன என்பது மருத்துவரின் கணக்கு. அதை அவர் எண்ணிக்கொள்ளட்டும். ஒரு மிடறும் ஹராம் என்ற சட்டம் அதனால் அசைவதில்லை. படிப்படியாகத் தடை இறங்கியதைக் காட்டிச் சலுகை தேடுவோர் உண்டு. தடை முழுமையடைந்த பிறகு அந்தப் படிகள் நமக்குத் திறந்திருக்கவில்லை. ஆனால் நேற்று ஏழு நாளும் குடித்து இன்று இரண்டு நாளாகக் குறைத்திருக்கும் மகனை, "இன்னும் ஹராம்தானே!" என்று மட்டும் சொல்லி அடிக்கிற வாப்பா, கரையேற முயல்கிறவனின் கையைத் தட்டிவிடுகிறார்.

நம் மஹல்லாவால் இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் கெட்டுக்கொண்டிருந்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2017-ல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் சில தடவை உட்கார்ந்து பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் அண்மையில் குடிக்கவேயில்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 18 பேர். பேசியவர்களுக்கு இருந்தது பொறுமை, பயிற்சி, இரகசியம் காக்கும் நாக்கு. நம் இளைஞர்களில் இதற்குத் தகுதியானவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

கடைசியாக நோன்பைப் பற்றி. 2020-ல் ரமலான் ஏப்ரல் கடைசி வாரத்தில், ஊரடங்கின் நடுவில் பிறந்தது. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன, கேட்டறிய ஆலிம்களை நேரில் காணவும் வழியில்லை. மருந்தோடு நோன்பு நோற்பது எப்படி என்ற கேள்வி எந்த ஆண்டும் வரக்கூடியது. நால்ட்ரெக்ஸோன் பொதுவாக நாளைக்கு ஒரு வேளை. நோன்பு திறந்து உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதில் சிரமமில்லை. அகாம்ப்ரோஸேட் மூன்று வேளை. அதை மருத்துவர் மாற்றியமைத்தாலொழிய நோன்போடு பொருந்தாது. குடியை விட்ட முதல் நாட்களில் நடுக்கமும் வாந்தியும் இருப்பவர் நோயாளி. நோயாளிக்குத் திருமறை தந்த சலுகை அவருக்கும் உண்டு, உடல் தேறிய பின் களாச் செய்ய வேண்டும். ‘ரமலானில்தான் குடிக்கவே போவதில்லையே, மாத்திரை எதற்கு?’ என்று தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெருநாள் இரவில்தான் அதன் விலை தெரிகிறது. மருந்துச் சோதனையில் சேர்ந்திருப்பவரோ உடன்படிக்கை செய்தவர். மாத்திரையின் வேளையைத் தம் இஷ்டத்துக்கு மாற்றாமல், ஷஃபான் பிறந்தவுடனேயே ஆய்வு மருத்துவரிடம் நோன்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேளையை மாற்ற முடியுமா, அவர் நோன்பிருக்கும் உடல்நிலையில் இருக்கிறாரா என்பதை அவர்கள் சொல்வார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் உடன் போகட்டும்.